ஊவாத் தோட்டங்களில் சித்திரைப் புத்தாண்டு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் விழாக்களை ஆராய்வது அச்சமுதாயத்தின் பொருளாதார வாழ்வை ஆராய்வதாகவும் அமையும். உழவும் அறுவடையும், ஓய்வும் உறவும், வீடும் வாசலும் எங்ஙனம் அமைந்துள்ளனவோ அங்ஙனமே விழாவும் அமைகின்றது. சித்திரைப் புத்தாண்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அறுவடை செய்த தானியம், சொந்தமான ஒரு வாசல், வேலையை நிறுத்திவைக்கும் உரிமை ஆகிய மூன்றும் அதற்கு அடித்தளமாகும். பதுளை மாவட்டத்திலும் ஊவாவின் ஏனைய பகுதிகளிலும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளரிடம் இம்மூன்றில் ஒன்றுகூட நெடுங்காலம் இருக்கவில்லை. இருந்தும் அவர்கள் புத்தாண்டைக் கைவிடவில்லை. அடித்தளம் இல்லாதவிடத்து அவ்விழா எவ்வாறு நிலைத்தது, நிலைத்தபோது அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் இந்நாளின் வானியல் அடிப்படையைச் சுருக்கமாகக் காண்போம். ஞாயிறு மேட இராசியில் புகும் கணமே ஆண்டின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. தமிழரின் சித்திரைப் புத்தாண்டு, மலையாளிகளின் விஷு, வங்காளியரின் பொய்லா பொய்ஷாக், அசாமியரின் பொஹாக் பிஹு, பஞ்சாபியரின் வைசாகி, சிங்களவரின் அலுத் அவுருத்த ஆகிய அனைத்தும் இந்த ஒரே நிகழ்ச்சியை ஒட்டியவையாகும். மேடத்தை இராசிகளுள் முதலாகக் கொண்டு ஞாயிறு இயங்கும் குறிப்பு நெடுநல்வாடையிலேயே காணப்படுகின்றது. தெலுங்கரின் யுகாதி திங்களின் இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டதாதலின் இவ்வரிசையில் சேராது. பங்குனி அமாவாசைக்கு மறுநாளை ஒட்டி அது வரும்.

இந்நாள் ஆங்கில நாட்காட்டியில் ஏப்ரல் 13 அல்லது 14இல் என்றும் நிலைத்திருப்பதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது மெல்ல மெல்ல நகர்ந்து வருவதாகும். சூரிய சித்தாந்தம் கூறும் ஆண்டு ஏறத்தாழ 365.2588 நாள்களைக் கொண்டது. கிரகோரியன் ஆண்டு 365.2425 நாள்களைக் கொண்டது. இச்சிறு வேறுபாட்டினால் ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டு பின்தள்ளிச் செல்கின்றது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், இந்நாட்டவரின் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் நாளிலும், சிலவேளை 27இலும், மிக அருகி 29இலும் தொடங்குவதாகக் குறித்துள்ளார். அக்காலத்து இங்கிலாந்து பழைய யூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. பத்து நாள்களைக் கூட்டினால் இன்றைய கணக்கில் அது ஏப்ரல் 7ஐ ஒட்டி வரும். சீக்கியரின் பத்தாவது குருவாகிய குரு கோவிந்த சிங் அனந்தபூரில் கால்சாவைத் தோற்றுவித்த வைசாகி நாளைப் பொதுவாக 1699 மார்ச் 30 என்பர். அதுவும் பழைய கணக்கே. இன்றைய முறையில் ஏப்ரல் 9 ஆகும். கண்டி மலைநாட்டிற் கைதியாயிருந்த ஓர் ஆங்கிலேயனின் குறிப்பும் பஞ்சாபின் சமய வரலாறும் ஏறக்குறைய ஒரே நாளைச் சுட்டுவது, இவ்விழாவின் பரப்பையும் பழைமையையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

ஒரே கணத்தை அடிப்படையாகக் கொண்டபோதும் அதனைச் சூழ்ந்த நேரத்தை ஒவ்வொரு சமூகமும் வெவ்வேறாகக் கணித்தது. ஈழத்துச் சைவர் சங்கிரமணத்துக்கு முன்னும் பின்னும் நான்கு மணி நேரத்தை, அதாவது பத்துப் பத்து நாழிகையை, விஷு புண்ணியகாலமாகக் கொள்வர். அவ்வேளையில் மருத்துநீர் தேய்த்து நீராடுவது மரபு. சிங்களவர் முன்னும் பின்னும் 6 மணி 24 நிமிடமாக, மொத்தம் 12 மணி 48 நிமிடத்தை நொணகதய எனக் கொண்டு, அடுப்பு மூட்டாமலும் தொழில் செய்யாமலும் இருப்பர். ஞாயிற்றின் வட்டம் முழுவதும் இராசியின் எல்லையைக் கடப்பதற்கு ஆகும் நேரமே இது. நொணகதயவின் நடைமுறை நம் கவனத்துக்குரியது. ஊர் முழுவதும் ஒரே வேளையிற் கைகட்டி ஓய்ந்திருக்கக்கூடிய சமூகமே அவ்வாறு ஒரு நேரத்தை ஒதுக்கிவைக்க முடியும். தன் உழைப்பின் நேரம் தன் வசமுள்ள உழவனின் விழா இது.

பஞ்சாபின் வைசாகியும் அத்தகையதே. மாரியில் விளைந்த கோதுமை அறுவடைக்கு வரும் காலம் அது. எனினும் வைசாகி அறுவடையோடு மட்டும் நின்றுவிடவில்லை. மூன்றாவது குருவாகிய குரு அமர்தாஸ் அந்நாளில் சீக்கியரைக் கோயிந்தவாலில் ஒன்றுகூடச் செய்தார் என்பது மரபு. 1699இல் சாதி வேற்றுமை கடந்து ஐவர் அமுதூட்டப்பெற்றதோடு, அது ஒரு சமூகத்தின் பிறந்தநாளாயிற்று. 1919 ஏப்ரல் 13இல் அம்ரித்சரின் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் படையினர் சுட்டபோது, அங்குத் திரண்டிருந்தவர்களுள் வைசாகிக்காக ஊர்களிலிருந்து வந்தோரும் பலர். இறந்தோர் 379 பேர் என்றது ஆங்கில அரசின் கணக்கு. இந்தியத் தரப்பினர் அதனினும் மிகுதி என்றனர். கோதுமை வயலை விட்டுக் கனடாவின் மரஆலைகளில் தொழில் செய்யச் சென்ற சீக்கியர் 1908இல் வன்கூவரில் குருத்துவாரா அமைத்துவிட்டனர். அறுவடை இல்லாத ஊரில் வைசாகி நிலைத்தமைக்குக் காரணம், சங்கத்தாரே கட்டி, சங்கத்தாரே நடத்திய அந்த நிறுவனமாகும். ஊவாவின் தோட்டங்களுக்குத் தொழிலாளர் வந்தது தமிழகத்திலிருந்தே ஆயினும், இவ்வொப்பீடு பயனுடையது. வயலை இழந்த புலம்பெயர் உழைப்பாளரின் புத்தாண்டு எதனைப் பற்றிக்கொண்டு வாழும் என்ற வினாவை அது எழுப்புகின்றது.

இனி ஊவாவுக்கு வருவோம். பதுளையிலிருந்து பசறைக்கோ ஹாலிஎலைக்கோ செல்பவர் இரண்டு பொருளாதாரங்களை ஒரே பார்வையிற் காணலாம். பள்ளத்தாக்கிலே படிப்படியாக அமைந்த நெல்வயல்கள். அவற்றுக்கு மேலே சரிவு முழுவதும் தேயிலை. கீழே வாழும் சிங்கள உழவருக்குச் சித்திரை, பெரும்போக அறுவடைக்குப் பின்வரும் ஓய்வுக்காலமாகும். அவர்களும் இன்னல் காணாதவரல்லர். 1815 மார்ச் 2இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1817-1818இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியை ஒடுக்கிய படைகள் வீடுகளையும் வயல்களையும் அழித்தன. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதியில்லாக் காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியன என்றது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. நிலமிழந்த உழவன் ஒருபுறம், நிலமில்லாது கடல்கடந்து வந்த தொழிலாளி மறுபுறம் என்று இருவரையும் ஒரே மலையில் அயலவராக்கியது ஒரே ஆட்சியே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போவோராயிருந்தனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் கீழ்ப் புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலையேறினர். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் ஏராளம். ஆண்டின் பிற்பகுதியிற் பழம் பறிக்கும் வேலை முடிந்ததும் உயிர்தப்பியோரிற் பலர் ஊர் திரும்பினர். ஆகவே அவர்களைப் பொறுத்தவரை விழாவுக்குரிய இடம் ஊரே. தோட்டம் உழைக்கும் இடம் மாத்திரமே.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. இம்மாற்றம் தொழிலாளரின் விழா வாழ்வையும் அடியோடு மாற்றியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் லயங்களிலே தங்கலாயினர். ஊரிற் கொண்டாடிய புத்தாண்டை இனி லயத்து வாசலிலேதான் கொண்டாடவேண்டும் என்ற நிலை இவ்வாறே பிறந்தது. கடனைப் பொறுத்தவரையும் அவர்கள் கட்டுண்டேயிருந்தனர். கங்காணியின் கடனைத் தீர்த்துத் ‘துண்டு’ பெறாமல் வேறு தோட்டம் செல்ல முடியாது என்ற முறை 1921 வரை நீடித்தது.

தேயிலைக்கு அறுவடைக்காலம் என ஒன்று இல்லை. ஏழு முதல் பத்து நாளுக்கொருமுறை அதே செடிக்குத் திரும்பி வந்து கொழுந்தெடுக்க வேண்டும்; தவறினால் கொழுந்து முற்றிவிடும். அன்றியும், மார்ச், ஏப்ரல் மாதங்களின் இடைப்பருவ மழையாற் செடிகள் துளிர்த்து எழும் வேளையிலேயே சித்திரை பிறக்கின்றது. பள்ளத்தாக்கில் உழவன் அரிவாளை வைத்துவிட்டு ஓயும் நாள்களில், மேலே மலையிற் கூடை நிறைந்துகொண்டிருக்கும். ஒரே இளவேனில் ஒருவருக்கு ஓய்வையும் மற்றவருக்கு மிகுவேலையையும் கொணர்ந்தது. ஊவாவின் புத்தாண்டு வரலாற்றை விளக்கும் அடிப்படை முரண்பாடு இதுவே எனலாம்.

இதனால் தோட்டத் தொழிலாளி இரண்டு நாட்காட்டிகளின்கீழ் வாழ்ந்தார். ஒன்று கோயிலிலும் பெரியவர் சிலரிடத்தும் இருந்த பஞ்சாங்கம். மற்றது தோட்டத்து ‘செக்ரோல்’. விடியற்காலைப் பிரட்டும், கொழுந்து நிறுவையும், பேர் விழுந்ததா அரைப்பேர் விழுந்ததா என்ற கவலையும், மாதச் சம்பளநாளும் இரண்டாவது நாட்காட்டிக்கு உரியவை. பஞ்சாங்கம் நாளைக் குறிக்கும். அந்நாளில் வேலை நிற்குமா என்பதைச் செக்ரோலே முடிவுசெய்யும். தோட்டங்களில் தீபாவளியே தலையாய பண்டிகையாக வளர்ந்தமைக்கும் இங்கு ஒரு காரணத்தைக் காணலாம். தீபாவளிக்கு முற்பணம் கொடுக்கும் வழக்கம் தோட்ட நிர்வாகத்தோடு பிணைந்துவிட்டது. அம்முற்பணம் பின்னர் மாதாமாதம் சம்பளத்திற் கழிக்கப்படும் கடனே ஆயினும், புதுத்துணிக்கும் பலகாரத்துக்கும் கையிற் காசு சேர்வது அப்போதுதான். சித்திரைக்கு அவ்வாறான பொருளாதார ஊன்றுகோல் வாய்க்கவில்லை.

அங்ஙனமாயின் சித்திரை எதனால் நிலைத்தது? மூன்று ஊற்றுகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, இளவேனிற் கூத்து மரபு. மாசி அமாவாசைக்குப் பின்வரும் மூன்றாம்பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்து, சிவன் காமனை எரிப்பதும் இரதி புலம்புவதும் காமன் மீள்வதுமாகத் தோட்டம் முழுவதையும் ஆட்டத்திலும் தப்பின் ஓசையிலும் ஒன்றிணைக்கும். நாள் முழுவதும் மலையேறி இறங்கியோரே இரவில் வேடமிட்டு ஆடுவர். நேரம் நிர்வாகத்தின் கையிலிருந்த பகலை விட்டு, தம் கையிலிருந்த இரவைக் கொண்டு மக்கள் விழாவை அமைத்துக்கொண்டனர். பழையது எரிந்து புதியது எழும் அக்கூத்தின் பின்னணியிலேயே சித்திரை முதல்நாளும் வந்து சேர்கின்றது.

இரண்டாவது, வாசல். புத்தாண்டு பிறக்குமுன் லயத்து அறைக்கு வெள்ளையடிப்பதும், சாணத்தால் மெழுகுவதும், வாசலிற் கோலமிடுவதும், நீராடி மாரியம்மன் கோயிலுக்கோ முருகன் கோயிலுக்கோ செல்வதும், பெரியோரை வணங்கிக் கைவிசேடம் பெறுவதும் மலையக வழக்கங்களாகும். இவற்றுட் பெரும்பாலானவை வீட்டைச் சார்ந்த சடங்குகள். ஆனால் லயத்து அறை தோட்டத்துக்கு உரியது. வேலை இருக்கும்வரையே அறை. வேலை போனால் அறையும் போகும். உரிமையில்லாத சுவருக்கு வெள்ளையடிப்பதும் உரிமையில்லாத நிலத்திற் கோலமிடுவதும் ஆண்டுதோறும் தொடர்ந்தன. தெலுங்கு பேசிய குடும்பங்களும் வெவ்வேறு மாவட்டத்தாரும் வெவ்வேறு சாதியாரும் ஒரே லயவரிசையில் வாழ்ந்தமையால், ஊரளவிலான வேறுபாடுகள் பல மங்கி, தோட்டத்துப் பொதுவழக்கமொன்று உருவாயிற்று. எனினும் சாதியின் சுவடு லயவரிசையிலும் கோயில் முறைமையிலும் எளிதில் மறைந்துவிடவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது.

மூன்றாவது, அயல். தீபாவளியும் பொங்கலும் தோட்டத்துக்கே உரியன. சித்திரையோ கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் பொதுவானது. பதுளை முத்தியங்கன விகாரையின் மணி ஒலிக்கும் அதே நாள்களில் மலைச்சரிவின் கோயில்களிலும் மணி ஒலிக்கின்றது. பாற்சோறும் கொண்டைப்பணியாரமும் கிராமத்திலிருந்து லயத்துக்கு வருவதும், முறுக்கும் வடையும் லயத்திலிருந்து கிராமத்துக்குச் செல்வதும் இன்றும் காணத்தக்கன. 1840க்குப் பின் ஒரே மலையில் எதிரெதிர் நலனுடையோராய் நிறுத்தப்பட்ட இரு மக்களுக்கு, ஆண்டில் ஒருமுறை ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கும் வாய்ப்பை இந்நாள் வழங்கியது.

ஆயின் ‘சிங்கள தமிழ்ப் புத்தாண்டு’ என்ற தொடரிலுள்ள ‘தமிழ்’ என்னும் சொல்லுக்குள் தோட்டத் தமிழர் அடங்குவரா என்ற வினாவை அரசியல் வரலாறு எழுப்பியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 தொகுதிகளை வென்றது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் இம்மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கி வாக்குரிமையையும் பறித்தன. 1952 ஏப்ரல் இறுதியில், அதாவது புத்தாண்டு கழிந்த சில நாள்களில், வாக்குரிமை வேண்டிக் காங்கிரஸார் சத்தியாக்கிரகம் தொடங்கினர். 1964 அக்டோபர் 30இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் குடும்பங்கள் புகையிரதமேறித் தலைமன்னாருக்குச் சென்றன. ஒரே லயத்து அண்ணன் இங்கும் தம்பி நீலகிரியிலுமாகப் பிரிந்தபின், பெரியோரை வணங்கிக் கைவிசேடம் பெறும் சடங்கு யாரிடம் நடைபெறும்? பின்னர் 1983 யூலையில் பதுளை நகரிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. ஏப்ரலிற் பலகாரம் பரிமாறிய அயலுறவு மூன்று மாதத்திற் சோதனைக்குள்ளாகியது. அன்று தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்கள மக்கள் இந்நாட்டின் பல பாகங்களிலும் இருந்தனர் என்பதும் அதே வரலாற்றின் பகுதியே. அயலுறவு மட்டும் ஒரு மக்களைக் காக்கப் போதாது. சட்டத்தின் காப்பும் வேண்டும் என்பதே இதன் பாடமாகும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால் வாசலின் சிக்கல் அதனோடு தீர்ந்துவிடவில்லை. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, தாம் தெரிந்தெடுக்காத இடத்திற் பிறர் கட்டிய வரிசைவீடுகளில் மக்கள் எத்தகைய ஆபத்துக்குள் வாழ்கின்றனர் என்பதை நாடு கண்டது. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் 4,000 தனிவீடுகள் கட்டும் திட்டம் பின்னர் தொடங்கியது. தனிவீடும் காணியுறுதியும் பெற்ற குடும்பத்தின் புத்தாண்டுக் கோலத்துக்கும் லயத்து வாசலின் கோலத்துக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லாதிருக்கலாம். சமூகப் பொருளில் வேறுபாடு மிகப் பெரிது.

தமிழ்நாட்டில் 2008இல் தை முதல்நாளே புத்தாண்டு எனச் சட்டம் இயற்றப்பட்டு, 2011இல் அது நீக்கப்பட்டது. அவ்விவாதம் பெரும்பாலும் இலக்கியச் சான்றையும் சமய அடிப்படையையும் பற்றியதாக இருந்தது. ஊவாவின் சான்று வேறொரு கோணத்தைத் தருகின்றது. ஒரு புத்தாண்டின் உயிர் அதன் தொன்மையில் மட்டும் தங்குவதன்று. அந்நாளை யார் யாரோடு கூடியிருந்து கொண்டாட முடிகின்றது என்பதிலும் தங்கியுள்ளது. இன்று கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் தொழில் செய்யும் மலையக இளைஞரும் யுவதிகளும் ஏப்ரல் விடுமுறையில் பதுளைப் புகையிரதத்தில் நெருங்கி நின்று பயணம் செய்து தோட்டத்துக்குத் திரும்புகின்றனர். கோப்பிக் காலத்துப் பாட்டனார் விழாவுக்காகத் தோட்டத்திலிருந்து ஊருக்குச் சென்றார். பேரர்களோ விழாவுக்காகத் தோட்டத்துக்கே வருகின்றனர். இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் தோட்டம் அவர்களின் ஊராகிவிட்டது.

அறுவடையின் விழாவாகத் தோன்றிய சித்திரை, ஊவாத் தோட்டங்களில் ஊர்த்திரும்பலின் விழாவாகவும் குடியிருப்புரிமையின் விழாவாகவும் மாறியுள்ளது என்பதே இதுவரை கண்டவற்றின் முடிபாகும். வைசாகி அறுவடையைக் கடந்து நிலைத்தமைக்குச் சீக்கியரின் கையிலிருந்த நிறுவனம் காரணமாயிற்று. மலையக மக்களுக்கு அத்தகைய நிறுவனமாக அமையத்தக்கது, அவரவர் பெயரில் எழுதப்பட்ட காணியும் அதில் நிற்கும் வீடுமே. ‘சிங்கள தமிழ்ப் புத்தாண்டு’ என நாட்காட்டியில் அச்சிடுவது எளிது. அதிலுள்ள இரண்டாம் சொல்லுக்குரியோர் அனைவருக்கும் கோலமிட ஒரு சொந்த வாசல் கிடைக்கும்வரை, அத்தொடர் முழுமை பெற்றதாகக் கொள்ளவியலாது.